சாந்தோரினியில் நான்கு இரவுகள்: கட்டுரை விட்டுவிட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் சொகுசு விடுதியில் தங்குவது பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் அதே தீவின் இயா என்னும் ஊரில், கட்டுரை வருணித்ததைப் போன்ற ஒரு விடுதியில் நான்கு இரவுகள் தங்கியிருக்கிறோம். அத்துடன், பொதுப்பணித்துறையில் முப்பத்தோராண்டுகள் பாசனப் பிரிவில் பணியாற்றியவன் என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகன், எங்களுடைய நாற்பதாவது திருமண நாளுக்காக ஏற்பாடு செய்த பயணம் அது. என் ஓய்வூதியத்தில் கனவிலும் நடவாதது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பிழை. பாறை விளிம்பில் இருக்கும் அந்த அறைகளைப் பழைய கிரேக்க மன்னர்கள் கோடையைக் கழித்த குகை மாளிகைகள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவை எந்த மன்னரும் இருந்த இடமல்ல; மாலுமிகளும் கூலியாட்களும் குடியிருந்த வீடுகள். கி.மு. 1600-ஐ ஒட்டி நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பு, தீவின் மேல் நுரைக்கல்லையும் சாம்பலையும் பல மீட்டர் கனத்துக்குக் கொட்டிவிட்டுப் போயிற்று. நடுப்பகுதி சரிந்து கடலுக்குள் போனதால் எஞ்சிய விளிம்புதான் இன்று 300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செங்குத்துச் சுவர். மரமோ நல்ல மனையோ வாங்க வசதியற்றவர்கள், இந்தச் சாம்பல் அடுக்கைக் குடைந்து, முன்புறம் மட்டும் ஒரு சுவர் எழுப்பிக் குடும்பம் நடத்தினார்கள். வாசல் முகப்பு ஓர் ஆள் கைவிரித்தால் எட்டிவிடும் அகலம். உள்ளேயோ ரயில் பெட்டி போல நீண்டு போகும். கப்பல் உரிமையாளர்களும் தலைவர்களும் மேட்டின் சமதளத்தில் இரண்டடுக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் கீழே குகைக்குள் இருந்தார்கள். இன்று அந்தக் குகைக்குத்தான் வாடகை கூடுதல்.

அந்தச் சாம்பல் மண்ணைப் பற்றி ஒரு பொறியாளன் இரண்டு வரி சொல்லாமல் இருக்க முடியாது. சுண்ணாம்புடன் சேர்த்தால் நீருக்கடியிலும் இறுகும் தன்மை அதற்கு உண்டு. 1859 முதல் 1869 வரை சூயஸ் கால்வாய் வெட்டப்பட்டபோது அதன் கட்டுமானங்களுக்காக இந்த மண் சாந்தோரினியிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிற்று. குடைந்த வீடு இடியாமல் நிற்பதும், கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருப்பதும் இதே மண்ணால்தான். எங்கள் அறையில் குளிர்சாதனக் கருவி இருந்தது. நான்கு இரவுகளில் ஒருமுறைகூட அதை நாங்கள் போடவில்லை.

அந்த வீடுகள் விடுதிகளாக மாறிய கதையையும் கட்டுரை விட்டுவிட்டது. 1956 ஜூலை 9 அன்று, அமோர்கோஸ் தீவை ஒட்டிய கடலில் மையம் கொண்ட பெரும் நிலநடுக்கத்தில் இயா ஊரின் பெரும்பகுதி சரிந்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்களில் பலர் ஏதென்ஸுக்கும் பிற ஊர்களுக்கும் போய்விட, வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 1970-களில் கிரேக்க அரசின் சுற்றுலா நிறுவனம் அவற்றில் சிலவற்றை எடுத்துச் செப்பனிட்டுப் பயணிகள் தங்க விட்டது. சொகுசு விடுதிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நிலநடுக்கம் பழங்கதையும் அல்ல. 2025 ஜனவரி இறுதியில் தொடங்கி ஆயிரக்கணக்கான அதிர்வுகள் அந்தக் கடற்பகுதியில் பதிவாகின. அவற்றுள் பெரியது 5.3 அளவு. பிப்ரவரி 6 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, 11,000-க்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறினர். நாங்கள் தங்கிய விடுதியின் பணியாளர் ஒருவர் என் மகனுக்கு அப்போது அனுப்பிய செய்தியில், தம் மனைவி மக்களை ஏதென்ஸில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் திரும்பி வந்திருப்பதாக எழுதியிருந்தார். அதிர்வுகள் தணிந்து, தீவு மீண்டும் பயணிகளால் நிரம்பிவிட்டது உண்மை. ஆனால் இலட்சக்கணக்கில் முன்பணம் கட்டச் சொல்லும் ஒரு கட்டுரை, இப்படி ஒன்று நடந்தது என்பதையும், பயணக் காப்பீட்டில் நிலநடுக்கத்துக்கு இடமுண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

இனி, கட்டுரை அரைப் பக்கம் புகழ்ந்த அந்தத் தனி நீச்சல் குளத்துக்கு வருகிறேன். எங்கள் அறை வாசலிலும் ஒன்று இருந்தது. பத்தடி நீளம், ஏழடி அகலம், மூன்றரை அடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 7,000 லிட்டர். அந்த விடுதியில் அப்படிப் பதினான்கு அறைகள், ஆக ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுவதில்லை, வடிகட்டிச் சுழற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆயினும் அந்தத் தீவில் ஆறு கிடையாது, மழையும் சொற்பம். முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டின் வளைவுக் கூரையிலும் விழுந்த மழைநீர் கீழே ஒரு தொட்டியில் சேர்க்கப்பட்டு, அதைக் கொண்டுதான் ஆண்டு முழுவதும் குடும்பம் நடந்தது. நான் கேட்டதன் பேரில் வரவேற்பறைப் பெண் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிறு மரக்கதவைத் திறந்து, தங்கள் விடுதியின் பழைய தொட்டியைக் காட்டினார். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு இன்னும் வழவழப்பாக இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது. தொட்டிக்குள் மடக்கு நாற்காலிகளையும் வெயில் குடைகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது தண்ணீர் வருவது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்து. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாம் வைத்திருக்கிறோமே, அதே முறைதான். மின்சாரம் தின்னும் தண்ணீர் அது. குழாயில் வருவது நாக்கில் சற்று உப்புக் கரித்ததால், குடிப்பதற்குப் புட்டித் தண்ணீர்தான். முதல் நாள் மாலை அந்தக் குளத்தில் கால் நனைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரும் இன்பமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகு, குளத்தில் இறங்கும்போதெல்லாம் கையில் தண்ணீர்க் கணக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவது போலத்தான் இருந்தது. என் மனைவி இதை என் தொழில் நோய் என்றாள்.

தீவுக்காரர்கள் தண்ணீர் இல்லாமையோடு எப்படி வாழப் பழகினார்கள் என்பதைத் திராட்சைத் தோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பந்தல் கிடையாது. கொடியைத் தரையோடு வளைத்து வளைத்துக் கூடை போலப் பின்னி விடுகிறார்கள். கடுங்காற்றுக்கும் வெயிலுக்கும் அஞ்சிக் காய்கள் அந்தக் கூடைக்குள் ஒளிந்திருக்கின்றன. கடலிலிருந்து இரவில் ஏறி வரும் ஈரமே அதற்குப் பெருமளவு நீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி இந்தச் சாம்பல் மண்ணில் பிழைக்க முடியாததால், இங்குள்ள கொடிகள் இன்றும் வேறு வேரில் ஒட்டுக் கட்டப்படாமல் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அஸிர்டிகோ என்னும் அந்தத் திராட்சையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத கட்டுரையில், 'ஃபாவா' என்ற உணவு மட்டும் மொச்சைக் கூட்டு என்று தவறாக வந்திருக்கிறது. அது மொச்சை அன்று. நம் கேசரிப் பருப்புக்கு உறவான வேறொரு மஞ்சள் பருப்பு. வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் நறுக்கிய வெங்காயமும் போட்டுத் தருகிறார்கள். கடுகு தாளிக்க மறந்த பருப்புக் கடைசல் என்று என் மனைவி சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

இரண்டு இரவுகள் போதும், முதல் நாள் சூரிய அஸ்தமனம், மறுநாள் குளம் என்று கட்டுரை யோசனை சொல்கிறது. என் அனுபவம் வேறு. சொகுசுக் கப்பல்கள் காலையில் வந்து மாலையில் போய்விடுகின்றன. சுமார் 15,500 பேர் வாழும் அந்தத் தீவில், 2024 ஜூலையில் ஒரே நாளில் 17,000 கப்பல் பயணிகள் வரை இறங்கியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 8,000 என்ற வரம்பும், 2025 ஜூலை முதல் உச்சப் பருவத்தில் கப்பல் பயணி ஒருவருக்கு 20 யூரோ கட்டணமும் வந்தது இதனால்தான். அஸ்தமன நேரத்தில் இயாவின் பழைய கோட்டைப் பக்கம் போனவர்களுக்குச் சூரியனை விடத் தூக்கிப் பிடித்த கைப்பேசிகள்தான் அதிகம் தெரியும். நாங்கள் இரண்டாம் நாளிலிருந்து அந்த நேரத்தில் அறையிலேயே இருந்துவிட்டு, காலை ஆறரை மணிக்கு நடக்கப் போனோம். அப்போது தெருவில் பூனைகளும், சுவருக்கு வெள்ளையடிப்பவர்களும், பெட்டி சுமப்பவர்களும் மட்டுமே. வண்டி ஏற முடியாத அந்தப் படிக்கட்டுகளில் எல்லாப் பெட்டியும் ஆள் தோளில்தான் ஏறி இறங்குகிறது. எங்கள் 23 கிலோப் பெட்டியை அல்பேனியாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றியபடி 94 படிகள் இறக்கினார். நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். அவரைப் போன்றவர்களுக்கும், தீவுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது.

கூடுதலாகக் கிடைத்த நாள்களில் ஒன்றை அக்ரோதிரி அகழாய்வுக்குக் கொடுத்தோம். கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பைரிடான் மரினாடோஸ் 1967-இல் தொடங்கிய அகழாய்வு அது. 1974-இல் அந்த இடத்திலேயே அவர் இறந்தார். அதே எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊரில் மூன்று மாடி வீடுகள், தெருவுக்கடியில் கழிவுநீர்க் கால்வாய், மாடிக் கழிப்பறையிலிருந்து அக்கால்வாய்க்கு இறங்கும் சுடுமண் குழாய், நிலநடுக்கத்தைத் தாங்கச் சுவருக்குள் வைத்த மரச்சட்டங்கள் எல்லாம் உண்டு. எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய இத்தாலிய நகரமான பொம்பேயியைப் போல மனித உடல்கள் அங்கே கிடைக்கவில்லை. வெடிப்புக்கு முன்பே மக்கள் எச்சரிக்கையாக வெளியேறிவிட்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரு மணி நேரம் என்று போன நான் நான்கு மணி நேரம் நின்றேன். மனைவிக்குத்தான் கால் வலி. இந்த ஊரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

விலை பற்றி. 'கைக்கெட்டும் செலவில்' என்று எழுதியவர் தொகையைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பருவத்தின் கடைசியிலும் எங்கள் அறைக்கு ஓர் இரவுக்கு 540 யூரோ. நான்கு இரவுகளுக்கு அப்போதைய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய். இதற்கு மேல், தட்பவெப்ப நெருக்கடிக்காகக் கிரேக்க அரசு விதித்திருக்கும் கட்டணத்தை விடுதியில் தனியே கட்ட வேண்டும். ஐந்து நட்சத்திர விடுதிக்கு அப்போது அறைக்கு இரவொன்றுக்கு 10 யூரோ. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் அது 15 யூரோ. கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. கட்டுரையில் இருக்கும் 80 யூரோ பழைய தொகை.

கட்டுரையின் அடியில், பொடி எழுத்தில், ஒரு பயண முகவரின் தொலைபேசி எண்ணும் 'முதல் 25 பேருக்குச் சலுகை' என்ற வரியும் இருந்தன. அது கட்டணம் பெற்று வெளியிட்ட பக்கமென்றால், தலைப்புக்கு மேலேயே 'விளம்பரம்' என்று அச்சிட வேண்டுகிறேன். செய்திக் கட்டுரைதான் என்றால், மன்னர்களின் மாளிகை, மொச்சைக் கூட்டு, விசாக் கட்டணம் ஆகிய மூன்றுக்கும் திருத்தம் வெளியிட வேண்டும். என் மைத்துனர் மகன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, வருகிற மே மாதப் பயணத்துக்கு முன்பணம் கட்டலாமா என்று நேற்று என்னிடம் கேட்டான். திருத்தம் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர்,
தஞ்சாவூர்.