வயதுப் பிரிவு, ஞாயிறு பயிற்சி

வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டிக்கான பதிவில் இரண்டு பேர் வயதுப் பிரிவைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். போட்டி நாளன்று உள்ள வயது கணக்கில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ, அதுதான். நவம்பரில் 60 முடிகிறவர் ஜனவரிப் போட்டியிலேயே 60-64 பிரிவில் வருவார். (லாபம்தான், அங்கே நாம்தான் சின்னப் பையன்!)

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது என்று பலரும் சொன்னீர்கள். அதனால் ஞாயிறன்று 20 கிலோமீட்டர் சைக்கிள், முடித்த கையோடு 2 கிலோமீட்டர் மெதுவோட்டம். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவும்.

"இந்த வயதில் எதற்கு?" என்று வீட்டில் கேட்டால், 2018இல் 85 வயதில் ஹவாய் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானை முடித்த ஜப்பானியர் ஹிரோமு இனாடாவைக் காட்டுங்கள். வருபவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள்.