எச்சங்களில் ஒருத்தி எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலோ இந்தியர்களைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ‘வெள்ளையர் விட்டுச் சென்ற எச்சங்கள்’ என்ற வரி வந்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து, முன்பதிவு கவுன்ட்டரில் 34 வருடம் டிக்கெட் கொடுத்த எச்சம் நான். பள்ளியில் பெயரெச்சம், வினையெச்சம் நடத்திய தமிழ் ஐயா, முடியாமல் தொக்கி நிற்பதுதான் எச்சம் என்பார். காக்கை தோளில் போட்டுவிட்டுப் போவதற்கும் அதே பெயர்தான். கட்டுரையாளர் எதை மனதில் வைத்து எழுதினார் என்று கேட்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாத தமிழா?

‘விட்டுச் சென்ற’ என்கிறாரே, பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டுப் போன குடையா நாங்கள்? 1687-இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டட்டும், பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தன்று தாய்க்கு ஒரு பகோடா கொடுக்கலாம் என்று. (தின்கிற பக்கோடா இல்லை, வராகன்.) காசு கொடுத்துப் பெற்றுக்கொள்ளச் சொன்ன அதே கம்பெனிதான் 1791-இல், இந்தியருக்குப் பிறந்த பிள்ளைக்குத் தன் சிவில் வேலையும் இல்லை, ராணுவ வேலையும் இல்லை என்று கதவைச் சாத்தியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். கட்டுரையில் இடம் போதாமல் போயிருக்கும், முக்கால் பக்கத்துக்கு நடனப் படம் போட வேண்டியிருந்ததே.

அப்புறம் அந்த 296. நாடு முழுக்க ஆங்கிலோ இந்தியர்கள் இவ்வளவு பேர்தான் என்று 2011 கணக்கெடுப்பைக் காட்டி 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட எண். மக்களவையில் எங்களுக்கு இருந்த 2 நியமன இடங்களும் நீட்டிக்கப்படாமல் போயின. அந்த எண்ணை உங்கள் கட்டுரையாளர் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். போன கிறிஸ்துமஸ் நடனத்துக்கு நாங்கள் அடித்த டிக்கெட்டே 350. அதிலும் பத்துப் பேருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.

‘கலப்பு முகத்திலேயே தெரிந்துவிடும்’ என்று ஒரு வரி. என் அண்ணனுக்குப் பாட்டியின் நிறம், பூனைக் கண். நான் நல்ல கறுப்பு. பிறந்தது ஒரே வயிற்றில். அவர் டீக்கடையில் போய் நின்றால் ‘சட்டைக்காரர் வந்துட்டாரு’ என்பார்கள். (எங்களுக்கு ஊர் வைத்த பெயர்.) என் பெயரைக் கேட்டால் ‘எப்போ மதம் மாறினீங்க?’ என்பார்கள். ஒருநாள் கவுன்ட்டரில் ஒரு பெரியவர் என் பெயர்ப் பலகையைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், ‘இந்த அம்மா எப்ப வருவாங்க?’ என்றார். நான்தான் என்றேன். மறுபடியும் பலகையைப் படித்தார். பிறகு எழும்பூருக்கு இரண்டு டிக்கெட் கேட்டார், இங்கிலீஷில்.

சரி, நிறத்தை விடுங்கள். யார் ஆங்கிலோ இந்தியர் என்பதற்கு அரசியலமைப்பின் 366(2) பிரிவு என்ன சொல்கிறது? தந்தையோ தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். தாய் கணக்கிலேயே இல்லை. நான் கட்டியது ஒரு தமிழரை. (நான் மட்டும் வேறென்ன பாஷையில் சண்டை போடுகிறேனாம்?) மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது படிவத்தில் நான் எழுதியதைக் குமாஸ்தா சிவப்பு மையால் அடித்தார். ‘அப்பா நம்மாளுதானே? அப்புறம் என்ன?’ அண்ணன் கட்டியதும் தமிழ்ப் பெண்ணைத்தான். அவர் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கேட்ட வாரத்திலேயே வந்தது. டிசம்பர் வந்தால் நாலு பிள்ளைகளும் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து குல்குல் பலகாரம் உருட்டுவார்கள். மாவை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி எடுத்தால் சிப்பி மாதிரி வரி விழும். எண்ணெயில் போட்டு எடுத்த பிறகு எது ஆங்கிலோ இந்தியக் குல்குல், எது இல்லாதது என்று அந்தக் குமாஸ்தாவைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இதே நீங்கள் 2020-இல் கமலா ஹாரிஸை அட்டையில் போட்டு ‘நம்ம ஊர்ப் பேத்தி’ என்றீர்கள். சந்தோஷப்பட்டு நானும் இரண்டு பிரதி வாங்கினேன். அவருடைய அப்பா ஜமைக்காக்காரர். துளசேந்திரபுரத்து உறவு அம்மா வழியில், தாத்தா பி.வி. கோபாலன் மூலமாக வந்தது. வாஷிங்டன் வரைக்கும் செல்லுபடியாகிற தாய்வழி பொன்மலையில் மட்டும் செல்லாதோ?

கட்டுரையின் கடைசிப் பத்தி இன்னும் அருமை. அமெரிக்காவில் 2000 கணக்கெடுப்பு முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம், ஆகவே இனம், நிறம் எல்லாம் இனிப் பழங்கதை என்று. பக்கத்தைத் திருப்பினால் உங்கள் மணமகள் தேவை பகுதி. ‘சிவந்த நிறம்’ என்று மூன்று விளம்பரம் எண்ணினேன். வெளிநாட்டில் வேலை பார்க்கிற பையன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக் குழந்தையோடு வந்து இறங்கினால் தெருவே தூக்கிக் கொஞ்சுகிறது. அந்தக் குழந்தையை எச்சம் என்று எழுத உங்களுக்குக் கை வருமா?

அச்சில் வந்ததை அழிக்க முடியாது, தெரியும். இணையப் பதிப்பில் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கூடவே, மூன்றாவது படத்தின் கீழே ‘பெயர் தெரியாத ஆங்கிலோ இந்திய மூதாட்டி’ என்று இருப்பதையும் திருத்துங்கள். அவர் என் அம்மாவின் தங்கை. பெயரெல்லாம் இருக்கிறது. உங்கள் நிருபர் அவர் கையால் சோறும் பெப்பர் வாட்டரும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பொன்மலை, திருச்சி.