அம்மோலைட் கல்லை மோதிரமாக்காதே, அம்மா

அன்பு மகள் செல்விக்கு,

நீ அனுப்பிய அம்மோலைட் கல்லின் படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பச்சைக்குள் சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் நீலம். இது அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரின் சுருள் ஓடு. நம் காரை ஊர்ப் பக்கத்து ஓடைகளிலும் அம்மோனைட் கிடக்கிறது, ஆனால் எல்லாம் மண் நிறம்தான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் எரிமலைச் சாம்பல் கலந்த களிமண் மூடிக் காத்ததால், சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் உயிரின் ஓடு இன்னும் மின்னுகிறது.

மோதிரமாகக் கட்டட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். முத்தின் பளபளப்பு எந்தப் பொருளோ, இதுவும் அதே அரகோனைட் என்ற கனிமம்தான். பத்து வரை போகும் கடின அளவில் 4-க்கு அருகில் நிற்கும். தூசியில் இருக்கும் மணலோ 7. நிறம் தரும் படலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விரலில் போட்டால் சீக்கிரமே கீறல் விழும். டாலராகச் செய், நெஞ்சில் பத்திரமாக இருக்கும்.

நீ அவசரக்காரி, அதனால் இதைக் கவனமாகப் படி. பொடி வைத்து நெருப்பில் ஊதிப் பற்றவைக்கும் வேலை முழுவதையும் முதலில் முடித்துவிடு. வெள்ளியைச் சுத்தமாக்கப் புளித் தண்ணீரோ அமிலமோ, எதில் கொதிக்க வைத்தாலும் அதையும் முடித்து, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் கல்லை எடு. ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் ஓடு கரையும். நெருப்பு பட்டால் விரிசல் விடும். நான்கு கவ்வு வைத்துப் பிடிக்காதே, அழுத்தம் ஒரே இடத்தில் விழும். சுற்றிலும் மெல்லிய வெள்ளித் தகடு எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கு. எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி மடக்கினால் கல் நகராது.

காப்பாக மேலே குவார்ட்ஸ், ஸ்பைனல் போன்ற தெளிந்த கடினக் கல்லை மூடியாக ஒட்டியது என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடு. மூடி போட்டது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு. அரசு தரும் சான்றையும் விற்றவரிடம் கேட்டு வாங்கி வை. அங்கே மண்ணில் கிடைக்கும் புதைபடிவம் மாகாணத்துக்குச் சொந்தம்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்கள் இந்த ஓட்டுத் துண்டுகளை காட்டெருமை மந்தையை அழைத்து வரும் கல் என்று போற்றுகிறார்கள். நம் வீட்டுப் பூஜையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். அதனால் வெறும் நிறக்கல்லாக நினைத்துச் செய்யாதே அம்மா. சுருள் தெரியும் துண்டு கிடைத்தால் ஓரத்தை அறுத்து வட்டமாக்காமல் அப்படியே விடு.

நம் பட்டறை வேலை உன் கையில் தொடர்வது எனக்குப் பெரிய சந்தோஷம். வெள்ளியை வெட்டும் முன் வரைந்து அனுப்பு, தகட்டின் கனம் சொல்கிறேன். ஞாயிறு காலை கூப்பிடு, உனக்கு அங்கே சனி இரவாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா