லாரி முல்லன் முட்டுக்கட்டை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அயர்லாந்தின் யூ2 குழுவுடைய ‘ஆக்டுங் பேபி’ இசைத்தொகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ராக் இசையைப் பற்றித் தமிழில் இத்தனை அக்கறையோடு எழுதுபவர்கள் குறைவு. அதற்கு முதலில் நன்றி. உச்சியில் இருந்த ஒரு குழு தன் ஒலியைத் தானே கலைத்துப்போட்டு வேறாகக் கட்டிக்கொண்டது என்று கட்டுரையாளர் சொல்வதை முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அதற்கான புகழை அவர் பங்கு பிரித்த விதம் என் மனத்தை வருத்திவிட்டது. பாடகர் போனோ, கிடார் கலைஞர் எட்ஜ், தயாரிப்பில் துணைநின்ற பிரையன் ஈனோ மூவரும் முன்னே இழுத்தார்களாம். டிரம்ஸ் வாசித்த லாரி முல்லனும் பேஸ் கிடார் வாசித்த ஆடம் கிளேட்டனும் முட்டுக்கட்டை போட்டார்களாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவன். 1992இல் ஒரு நண்பர் கொடுத்துத்தான் இந்த கேசட் என் கைக்கு வந்தது. டேப் ரெக்கார்டரில் போட்டேன். முதல் பாட்டு ‘ஜூ ஸ்டேஷன்’. கிடார் கரகரத்துக்கொண்டு சறுக்கி இறங்கியது. தகரத்தில் கல் விழுவதுபோல டிரம்ஸ் வெடித்தது. பாடகரின் குரலோ ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல நசுங்கிக் கேட்டது. டேப் சிக்கிவிட்டது என்றே நினைத்தேன். கேசட்டை வெளியே எடுத்துப் பென்சிலைச் செருகிச் சுற்றி இறுக்கினேன். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ரெக்கார்டருக்குள் டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சில் பழுப்பாக அழுக்கு வந்தது. மறுபடியும் போட்டால் அதே கரகரப்பு. இசைத்தட்டு பழுதோ, வேறு யாருடைய தட்டையோ வாங்கி வந்துவிட்டோமோ என்று கேட்பவர் திடுக்கிட வேண்டும் என்றே அந்தத் தொடக்கத்தை அமைத்தார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

1987இல் வந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ அவர்களை உலகின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக்கியது. அடுத்த ஆண்டே ‘ராட்டில் அண்ட் ஹம்’ என்ற படமும் இசைத்தொகுப்பும் வந்தன. அமெரிக்க இசையின் முன்னோர்கள் வரிசையில் தங்களையும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று விமர்சகர்கள் கடிந்தார்கள். 1989 டிசம்பர் கடைசியில் டப்ளின் மேடையில், விலகிப்போய் எல்லாவற்றையும் புதிதாகக் கனவு கண்டு வர வேண்டும் என்று போனோ அறிவித்தார்.

இதன் பிறகு பெர்லின். கட்டுரையாளர் இதை ஒரு வெற்றிப் பயணம்போல எழுதியிருக்கிறார். நடந்தது அப்படி இல்லை. ஜெர்மனி மீண்டும் ஒன்றான நாளில், 1990 அக்டோபர் 3 அன்று, அவர்கள் அங்கே போய் இறங்கினார்கள். கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று தெருவுக்குப் போய் ஓர் ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். அதுவோ பெர்லின் சுவர் இடிந்ததை எதிர்த்தவர்களின் ஊர்வலமாக இருந்தது. ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்திலும் நிலைமை அப்படித்தான். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பாடகர் டேவிட் போவியும் ஈனோவும் சேர்ந்து வேலை பார்த்த அதே கூடம். போனோவும் எட்ஜும் தொழிற்சாலை இரைச்சல் போன்ற இசையையும் இயந்திரத் தாளத்தில் ஓடும் நடன இசையையும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எட்ஜின் மணவாழ்க்கை வேறு முறிந்துகொண்டிருந்த காலம். கையில் தாளத் துணுக்குகள் இருந்தன, பாட்டு இல்லை. முல்லனும் கிளேட்டனும் அதைத்தான் கேட்டார்கள்: பாட்டு எங்கே? தயாரிப்பாளர் டேனியல் லான்வாவுக்கும் இந்தப் போக்கு பிடிபடவில்லை. குழு உடைந்துவிடும் என்ற நிலை வந்தது.

முல்லனின் இடத்தில் இருந்து ஒரு நிமிடம் இதைப் பார்க்க வேண்டும். 1976இல், பதினான்கு வயதில், டப்ளினில் தன் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இசைக்குழுவுக்கு ஆள் வேண்டும் என்று சீட்டு ஒட்டியவர் அவர்தான். முதல் ஒத்திகை நடந்தது அவர் வீட்டுச் சமையலறையில். அப்படிக் குழுவை உண்டாக்கியவர், பதினான்கு ஆண்டுகள் கழித்து வேற்று நாட்டில், தன் வேலையை, தானாகத் தாளம் போடும் ஒரு பெட்டி செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். எங்கள் குழுவுக்கு ரிதம் பாக்ஸ் வந்த வருடம் ஒரு திருவிழாக் கச்சேரியில், ‘இந்த நாலு பாட்டுக்கு நீங்க சும்மா இருங்கண்ணே’ என்றார்கள். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு மேடையிலேயே இருந்தேன். பெட்டி பிசகாமல்தான் அடித்தது. ஆனால் பாடகர் உருகி ஒரு சொல்லை இழுத்தபோது அது அவருக்காகக் காத்திருக்கவில்லை. பல்லவிக்குத் திரும்பும்போது அடியைத் தூக்கிக் கொடுக்கவும் அதற்குத் தெரியவில்லை. நான் அன்று வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. முல்லன் சொன்னார். அதை முட்டுக்கட்டை என்று எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் மறுப்பதோடு நிற்கவும் இல்லை. அந்தக் காலத்தில் அவர் கிரீம், பிளைண்ட் ஃபெய்த் என்ற குழுக்கள், கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் பழைய பதிவுகளைக் கேட்டு, அடியை நேராக அடிக்காமல் அதைச் சுற்றி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார். ‘மிஸ்டீரியஸ் வேஸ்’ பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ஆளை எழுப்பி ஆட வைப்பது எட்ஜின் கிடார் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டாம் முறை கேட்கும்போது காதைக் கீழே இறக்குங்கள். கிளேட்டனின் பேஸ் வளைந்து வளைந்து நடக்கிறது. அதன் தோளில் கைபோட்டபடி முல்லன் போகிறார். அந்த நடையை எடுத்துவிட்டால் கிடார் நிற்க இடம் இல்லை. முட்டுக்கட்டை போட்டதாகச் சொல்லப்படும் இருவர்தாம் இந்தத் தொகுப்பிலேயே அதிகம் ஆட வைக்கும் பாட்டைத் தாங்குகிறார்கள்.

‘ஒன்’ என்ற பாட்டு பிறந்த கதையைக் கட்டுரையாளர் தொட்டிருக்கிறார், ஆனால் அது தரும் சாட்சியைக் கவனிக்கவில்லை. பின்னாளில் ‘மிஸ்டீரியஸ் வேஸ்’ ஆகப்போகும் பாட்டோடு அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுப்பகுதிக்காக எட்ஜ் இரண்டு விதமான கார்டு வரிசைகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளின் வரிசைகளை, போட்டுப் பார்த்தார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாரேன் என்றார் லான்வா. எட்ஜ் பெரிய அறைக்குப் போய் அக்கூஸ்டிக் கிடாரை எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். போனோ மைக்கின் முன் நின்று, வந்த சொற்களையே மெட்டாகப் பாடத் தொடங்கினார். சிறிது நேரத்தில் ஒரு பாட்டு உருவாகிவிட்டது, குழுவும் பிழைத்துக்கொண்டது. எந்தப் பெட்டியும் அதைத் தரவில்லை. ஒரே அறையில் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தபோது வந்த பாட்டு அது.

அந்தப் பாட்டில் ஒரு சொல்லைப் பற்றி எட்ஜ் பேசியிருக்கிறார். ஒருவரை ஒருவர் சுமந்தே ஆக வேண்டும் என்று அந்த வரி கட்டளை இடவில்லை. சுமப்பதற்குக் கொடுத்துவைத்திருக்கிறோம் என்ற பொருளில், ஆங்கிலத்தில் ‘get to’ என்று வருகிறது. ஓர் எழுத்து மாறி ‘got to’ ஆனால் முந்தைய பொருள் வந்துவிடும், வெறும் புத்திமதியாகிவிடும். சண்டை போட்டுக்கொண்டே பிரியாமல் இருந்த நால்வருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

ஈனோவின் பங்கைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இடையிடையே வந்து, புதுக் காதோடு கேட்டு, பழைய யூ2 போல ஒலித்த பகுதிகளை அழிக்கச் சொன்னவர் அவர். நீங்கள் நினைப்பதைவிட வேலை நன்றாகவே போகிறது என்று பெர்லினில் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தவரும் அவர்தான். போனோவும் எட்ஜும் பிடிவாதமாக இழுக்காமல் இருந்திருந்தால் ‘ஜோஷுவா ட்ரீ’யின் இரண்டாம் பாகம் ஒன்று வந்திருக்கும், நானும் ஹெட்டைத் துடைத்திருக்க மாட்டேன். இழுத்தவர்களுக்குப் புகழ் வரட்டும். எதிர்ப்பக்கம் கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 1991இல் டப்ளினுக்குத் திரும்பி, கடலோரத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் மாதக்கணக்கில் வேலை செய்தபோது இந்த இழுபறிதான் பாட்டுகளாக மாறியது. அக்டோபரில் வெளியான ‘தி ஃப்ளை’ பாட்டு, பிரிட்டனில் பதினாறு வாரம் முதலிடத்தில் இருந்த பாடகர் பிரையன் ஆடம்ஸின் பாட்டை இறக்கியது. இசைத்தொகுப்பு இதுவரை உலகெங்கும் ஒரு கோடியே 80 லட்சம் அளவில் விற்றிருக்கிறது.

அந்தக் கயிற்றை மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1997இல் வந்த ‘பாப்’. அதன் வேலை தொடங்கியபோது முல்லன் முதுகு அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். மற்றவர்கள் லூப்களை வைத்து, அதாவது ஒரே தாளத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாட்டுகளை எழுப்பினார்கள். அவர் வந்த பிறகு பலவற்றை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. சுற்றுப்பயணத்துக்குத் தேதி முன்பே குறித்துவிட்டதால் அவசரமாக முடித்தார்கள். வெளியான பின்னும் மனம் ஒப்பாமல், 2002இல் வந்த தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்புக்காக அதன் சில பாட்டுகளை மறுபடி கலவை செய்தார்கள். ‘பாப்’ மோசமான இசைத்தொகுப்பு என்று நான் சொல்ல மாட்டேன்; அதில் எனக்குப் பிடித்த பாட்டுகள் உண்டு. ஆனால் அங்கே தரை இளகி இருக்கிறது, ‘ஆக்டுங் பேபி’யில் தரை கெட்டியாக இருக்கிறது. தாளம் போட்டவன் காதுக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரியும்.

கடைசியாக ஒன்று. லாஸ் வேகஸில் ஸ்பியர் அரங்கம் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது யூ2 அங்கே இந்த இசைத்தொகுப்பை மையமாக வைத்து நாற்பது நிகழ்ச்சிகள் நடத்தியதைக் கட்டுரை பெருமையோடு விவரிக்கிறது. பிரம்மாண்டமான திரையைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருக்கிறது. டிரம்ஸ் முன்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்பது இல்லை. முல்லன் அறுவை சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்ததால் பிராம் வான் டென் பெர்க் என்ற டச்சுக் கலைஞர் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். பெர்லினில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு எங்கே என்று கேட்ட மனிதரால், அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த பாட்டுகளுக்கு எடுத்த விழாவின் மேடைக்கு வர முடியவில்லை. தொடரின் அடுத்த பகுதியில் இதற்காக இரண்டு வரி ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.