வானத்தில் வெளிச்சம் என்று போன் வந்தால்: காவல் கண்காணிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் அவர்களுக்கு,

வணக்கம். ராத்திரி வானத்தில் இன்னதென்று தெரியாத வெளிச்சம் என்று நிலையத்துக்குப் போன் வந்தால், 'வெளிச்சம் தெரிந்ததாகத் தகவல்' என்ற ஒரு வரியை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. திசை, உயரம், நேரம் மூன்றும் வேண்டும். அதுவும் இரண்டு தடவை.

லடாக்கில் நடந்ததைப் பாருங்கள். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை சீன எல்லையில் 329 முறை வெளிச்சம் கண்டதாக ராணுவம் கணக்கு வைத்தது. உளவு டிரோன் என்ற சந்தேகம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் வந்து பார்த்த பிறகுதான் அவை வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது. ஜவ்வாது மலையில் நமக்குப் பக்கத்திலேயே காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை நடத்திய 'புளூ புக்' விசாரணையில் 12,618 தகவல்கள் சேர்ந்தன; 701 கடைசிவரை விளங்கவில்லை. விவரம் போதாதவை என்று தனியாகவும் ஒரு பிரிவு வைக்க வேண்டியிருந்தது. நம் ஊர்த் தகவல்கள் அந்தப் பிரிவில் விழக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

ரோந்து போகிறவர் முதலில் செல்போனில் மணி பார்த்து எழுதட்டும். திசைகாட்டியைப் பார்க்கும்போது ஜீப்பிலிருந்து பத்து அடியாவது தள்ளி நிற்க வேண்டும். வண்டியின் இரும்பு, திசைகாட்டி முள்ளை இழுத்துவிடும். உயரத்துக்குக் கை போதும். கையை முழுக்க நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. கண் மட்டத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக எண்ணினால் ஒன்பதில் உச்சி வந்துவிடும்.

அடுத்ததைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால், அசையாத புள்ளியும் அலைவதுபோலத் தெரியும். கண் செய்யும் வேலை அது. பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அதனால் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வெளிச்சத்தை ஒரு கரண்ட் கம்பத்தின் விளிம்போடு ஒட்டிப் பார்க்க வேண்டும். 20 நிமிடம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி அளக்க வேண்டும். மேற்கில் அரை முஷ்டி இறங்கியிருந்தால் அது நட்சத்திரமோ கிரகமோதான். நாம் 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் மேற்கில் அவை கிட்டத்தட்ட நேர்கீழாக இறங்கும். நள்ளிரவில் வெள்ளி தெரியாது, வியாழன் தெரியலாம்.

சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து, நடுவழியில் சட்டென அணைந்தால் செயற்கைக்கோள். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. ஓசூர்ப் பக்கம் நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் விளக்கு நகராமல் நிற்பதுபோல இருக்கும். 10 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சத்தம் வர அரை நிமிடம் ஆகும், அதற்குள் 'சத்தமே இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. வத்தல்மலை வளைவுகளில் ஏறும் வண்டி விளக்கும், கோடையில் மலையில் பிடிக்கும் தீயும், மலை இருட்டில் மறைந்திருப்பதால் ஆகாயத்தில் தொங்கும். அந்தத் திசையில் மலை இருக்கிறதா என்று மறுநாள் பகலில் அதே இடத்தில் நின்று பார்த்தாலே போதும்.

வீடியோ எடுப்பவர்கள் ஜூம் செய்ய வேண்டாம். ஃபோகஸ் விலகி, புள்ளி தட்டுபோல உப்பிவிடும். கூரையோ மரமோ சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரே பக்கப் படிவமாக அச்சடித்து ஒவ்வொரு நிலையத்திலும் வையுங்கள். இரண்டு அளவுக்குப் பிறகும் விளங்காததைக் காவலூருக்கு அனுப்புங்கள். தகவல் சொன்னவருக்கும் என்ன தெரிந்தது என்று ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரு மாவட்ட இரவு வான் நோக்கர்கள்