எங்கள் மகனுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

தொடுதலையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் தவித்த எங்கள் மகன் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான். பெஞ்சில் உட்காருகிறான், பென்சில் பிடிக்கிறான், மத்தியானம் தன் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுகிறான். உங்களில் ஒவ்வொருவர் கையும் இதில் உண்டு. வழியில் பார்க்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தால் எனக்கு மனசு ஆறவில்லை. யார் என்ன செய்தீர்கள், அது அவனுக்கு ஏன் உதவியது என்பதை விவரமாக எழுதிவிடுகிறேன். இதே மாதிரி பிள்ளை இருக்கும் வேறு வீட்டுக்கும் இது பயன்படட்டும்.

முதல் நன்றி எங்கள் அங்கன்வாடி டீச்சருக்கு. மற்ற பிள்ளைகள் மணலில் விளையாடும்போது இவன் மட்டும் கையை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்பதை முதலில் கவனித்தது அவர்தான். நகம் வெட்டினால் அலறுவான், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவான், நடக்கும்போது சுவரில் போய் இடிப்பான். 'வளர்ந்தா சரியாகும்' என்று பலரும் சொன்ன நேரத்தில், "அடுத்து டாக்டர் டீம் வரும்போது காட்டிருவோம்" என்றார் அவர். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பிள்ளைகளைப் பார்க்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம். அந்தக் குழு சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்து எங்களுக்குக் கிடைத்தவர் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, பார்க்கும் மேடம். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன்களைத்தான் நான் படித்திருந்தேன். உள்காதில் சமநிலையைச் சொல்லும் புலன் ஒன்று உண்டு, தசையிலும் மூட்டிலும் இருந்துகொண்டு கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் புலன் இன்னொன்று உண்டு என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர். இவை அனுப்பும் சேதியை மூளை எப்படி ஒழுங்கு செய்கிறது என்பதை வைத்து, ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் 1960, 70-களில் உருவாக்கிய வழியைத்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்களாம். இவன் வேண்டுமென்று அடம் பிடிக்கவில்லை, அவனுக்கு அந்தத் தொடுதலும் சத்தமும் நிஜமாகவே தாங்க முடியாமல் இருக்கிறது என்று அவர் சொன்ன அன்றைக்கு எங்கள் வீட்டில் அதட்டல் நின்றது. வாரத்தில் ஒரு மணி நேரம் நான் பார்ப்பதால் மட்டும் நடக்காது, வீட்டு வேலையிலேயே அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டு அடுக்களையையே அவனுக்குத் திறந்துவிட்டது என் மாமியார். "மக்ளே, இந்தக் குடத்தத் தூக்கிட்டு வா" என்று அரைக்குடம் தண்ணீரைத் தூக்கச் சொல்வார். தேங்காயை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்வார். அரிசிப் பையை இழுக்க வைப்பார். தூக்குவது, தள்ளுவது, இழுப்பது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் கொடுக்கும், அதற்குப் பிறகு பிள்ளை அமைதியாக உட்காருவான் என்று மேடம் சொன்னது எங்கள் கண்முன்னாலேயே நடந்தது. பிள்ளை மூச்சு வாங்காமல் தூக்கும் அளவு கனம் போதும்.

தொடுதல் பயத்தையும் மாமியார்தான் போக்கினார். நேராக மாவில் கையை வை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. முதலில் காய்ந்த அரிசி, உளுந்து. அதற்குள் மட்டிப்பழத்தை ஒளித்து வைத்துத் தேடச் சொன்னார். அப்புறம் புட்டுக்கு விரவிய மாவு, அது கையில் அவ்வளவாக ஒட்டாது. அது பழகின பிறகுதான் இடியாப்ப மாவு, அவித்த மரச்சீனி. பக்கத்தில் ஈரத்துணி எப்போதும் இருக்கும், வேண்டாம் என்றால் உடனே துடைத்துக்கொள்ளலாம். துடைக்கலாம் என்று தெரிந்ததால்தான் அவன் கை வைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இடியாப்பம் பிழிய இரண்டு கையும் சேர்ந்து அழுத்த வேண்டும். சின்ன உள்ளி உரிக்க விரல் நுனி வேலை செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்து ஏங்கும் பெற்றோரே, உங்கள் அடுக்களையை ஒருதடவை சுற்றிப் பாருங்கள்.

முட்டத்தில் கடல் தொழில் பார்க்கும் அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. எங்கள் வீட்டு அயனி மரத்தில் ஊஞ்சல் கட்டித் தந்தவர் அவர். வலைக்கயிற்றில் அவர் போட்ட முடிச்சு இன்றுவரை இளகவில்லை. பிள்ளையின் கால் தரையில் படும் உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்று மேடம் சொன்னதைக் கேட்டு, அவனை உட்கார வைத்து அளந்து கட்டினார். முன்னும் பின்னும் மெதுவாக ஆடினால் அமைதி வரும். சுற்றிவிடுவது வேறு கதை. அதன் பாதிப்பு ஆட்டம் நின்ற பிறகும் நீடிக்கும். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். வலிப்பு வந்த பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் எந்த ஊஞ்சலும் வேண்டாம்.

தோவாளையில் பூக்கட்டும் அக்காமாரே, உங்களை மறப்பேனா? கூலிக்குக் கட்டும் நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது எவ்வளவு இடைஞ்சல் என்று எனக்குத் தெரியும். ஊசி வேண்டாம் என்று ஈர்க்கிலைக் கொடுத்து, பெரிய கேந்திப் பூவாகப் பொறுக்கித் தந்து கோர்க்கச் சொன்னீர்கள். ஒரு கை பூவைப் பிடிக்க, மறு கை குத்த வேண்டும். கண்ணும் இரண்டு கையும் ஒன்றாகச் சேர்ந்த வேலை அது. அவன் வந்தால் அரளிக் கூடையை எடுத்து உள்ளே வைத்துவிடுவீர்கள். அரளி விஷம், இவனோ எதையும் வாயில் வைக்கும் பிள்ளை. நான் சொல்லாமலே செய்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

முடிவெட்டும் அண்ணன், கூட்டம் இல்லாத வேலை நாள் மத்தியானத்தில் வரச் சொல்லி, மெஷினைத் தொடாமல் கத்தரிக்கோலாலேயே வெட்டிவிடுகிறார். வெட்டுவதற்கு முன்னால் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துவிடுவார். லேசாகத் தொட்டால் கூசும் பிள்ளைக்கு அழுத்தமான தொடுதல் இதமாக இருக்கும். நகம் வெட்டும்போது நாங்களும் இதையே செய்கிறோம், குளித்து நகம் ஊறின பிறகு.

கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த குழாய் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்கள். வெடி போடும் நேரத்தை முன்கூட்டியே சொல்லியும் அனுப்பினார்கள். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, வில்லுப்பாட்டைத் தூரத்தில் நின்று அவனும் பார்த்தான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கும், வட்டார வள மையத்தில் இருந்து வரும் சிறப்பாசிரியருக்கும் நன்றி. கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை எழுதாது என்று அவன் காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டது நீங்கள்தான். முழுச் சாக்பீஸைக் கொடுக்காமல் ஒடித்த துண்டைக் கொடுக்கிறீர்கள். துண்டாக இருந்தால் முழுக்கையால் பிடிக்க இடம் இருக்காது, விரல் நுனிதான் பிடிக்கும். சுவர்ப் பலகையில் நின்று எழுத வைப்பதால் தோளும் மணிக்கட்டும் பலப்படுகிறது. எழுதும் பாடத்துக்கு முன்னால் நோட்டுக் கட்டைத் தூக்கி அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோகச் சொல்கிறீர்கள். 'எனக்கு டீச்சர் வேலை தந்தாங்க' என்று வீட்டுக்கு வந்து அவன் சொல்லும்போது என் கண் நிறைந்துவிடுகிறது.

சொத்தவிளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் என் தம்பிக்கும், ஓடிப்பிடித்து விளையாடும்போது அவனுக்காகக் கொஞ்சம் மெதுவாக ஓடும் தெருப்பிள்ளைகளுக்கும் என் அன்பு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான் இன்னும் முழுதாக வரவில்லை. மற்றதை நாங்கள் போட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அவனிடம் விடுகிறோம். அது வந்ததும் கடைசி இரண்டு. முடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் அவனுக்குத் தினமும் கிடைக்கிறது. இங்கே எழுதியது எல்லாம் எங்கள் பிள்ளையைப் பார்த்துச் சொன்ன வழிகள். வேறு பிள்ளைக்கு வேறு மாதிரி இருக்கும், அதனால் தெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள், காத்திருக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். அயனி மரத்து ஊஞ்சலில் எந்தப் பிள்ளையும் வந்து ஆடலாம். அம்மாமார் வந்தால் கட்டன் சாயா குடித்துக்கொண்டே பேசுவோம்.

நன்றியுடன்,
தோவாளையிலிருந்து ஓர் அம்மா