வினாவை வாசித்து முடிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் அண்மையில் நடந்த பாடசாலைகளுக்கிடையிலான பொது அறிவுப் போட்டி பற்றிய செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படத்துடன் பார்த்தேன். வென்ற பிள்ளைகளுக்கு என் பாராட்டுகள். ஆனால் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து பார்த்த எனக்கு, நடந்தது அறிவுப் போட்டியா, பொத்தான் அழுத்தும் போட்டியா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

"கன்னியாவில் உள்ள வெந்நீர்க் கிணறுகளை..." என்று நடுவர் தொடங்கியதுதான் தாமதம், ஒரு மாணவன் மணியை அடித்து "ஏழு!" என்றான். கிணறுகள் ஏழுதான். கேட்க வந்ததோ, அவற்றை உண்டாக்கியதாக ஐதீகம் சொல்லும் அரசன் யார் என்பது. நடுவர் மீதியை வாசித்து, விடையையும் தானே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். மீதி வாசிக்கப்படும்போதே மூன்றாவது மேசைப் பிள்ளை ஒருத்தி "இராவணன்" என்று முணுமுணுத்ததைக் கண்டேன். யாருக்கு என்ன பயன்? பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லையாம். "சீனக்குடாவில்..." என்றதும் அதே மாணவனின் விரல் மறுபடி பொத்தானில்! அவனைக் குறை சொல்ல மாட்டேன். விதி அப்படியிருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை வேறென்ன செய்யும்?

ரொறன்ரோவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது 'ஜெபர்டி' என்ற தொலைக்காட்சிப் பொது அறிவுப் போட்டி நிகழ்ச்சியைத் தவறாமல் பார்ப்பேன். 1964இல் மேர்வ் கிரிபின் அமெரிக்காவில் ஆரம்பித்தது அது. 1984 முதல் 2020இல் மறையும்வரை அதை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் கனடாவில் பிறந்தவர் என்பதில் என் மருமகளுக்குத் தனிப் பெருமை.

விளையாடுபவர்கள் மூவர். பலகையில் ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வினா. கீழே போகப் போகக் கடினமும் கூடும், பணமும் கூடும். முதற் சுற்றில் 200 முதல் 1000 டொலர்வரை, இரண்டாம் சுற்றில் அதன் இரட்டிப்பு. "1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இலங்கைத் துறைமுகம்" என்று பலகையில் வந்தால், வெறுமனே ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது, "திருகோணமலை என்றால் என்ன?" என்று வினாவாகச் சொல்ல வேண்டும். இந்த அலங்காரம் நமக்குத் தேவையில்லை.

நமக்குத் தேவையானது அந்தப் பொத்தானின் ஒழுங்கு. வாசிப்பு முடியும்வரை அது வேலை செய்யாது. கடைசிச் சொல் முடிந்ததும் மேடைக்கு வெளியே இருக்கும் ஒருவர் ஓர் ஆளியை அழுத்துவார். பலகையின் ஓரத்தில் விளக்குகள் எரியும். அதன் பிறகே மணி அடிக்கலாம். முந்திக்கொண்டவரின் பொத்தான் கால் வினாடி பூட்டிக்கொள்ளும். கால் வினாடிதானே என்று நினைக்க வேண்டாம், அதற்குள் பக்கத்தில் நிற்பவர் அடித்துவிடுவார். விடை பிழைத்தால் அந்தக் கட்டத்தின் தொகை கழியும். கையிருப்பு பூச்சியமாகவோ அதற்குக் கீழாகவோ போனவருக்கு இறுதிச் சுற்றில் இடமில்லை.

அங்கும் முன்னர் வினா தெரிந்த உடனேயே மணி அடிக்க விட்டிருந்தார்கள். 1985இல்தான் இந்த விதியைக் கொண்டுவந்தார்கள்.

கையிருப்பைப் பணயம் வைத்து, 30 வினாடிக்குள் விடை எழுதும் அவர்களுடைய இறுதிச் சுற்று பாடசாலைக்கு ஆகாது. பெற்றோர் சும்மா விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். ஆளியும் புள்ளிக் குறைப்பும் போதும். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்களிடம் சொன்னால் அந்த ஆளியை அவர்களே பொருத்தித் தருவார்கள். அதை அழுத்த நடுவருக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்தால் சரி.

அடுத்த போட்டிக்கு முன்னர் ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முடிந்தால், வாசிக்கும் வினாவைத் திரையிலும் காட்டுங்கள். அன்று மண்டபத்து மின்விசிறிகளின் இரைச்சலில் பின்வரிசைப் பெற்றோருக்கு ஒரு வினாகூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.